ஜிம்னி: தனியாக மலை ஏறப் போகும் புதியவருக்கு ஏற்ற வண்டியா?

கடலூரில் மலை என்று பேர் எடுத்திருப்பது கேப்பர் மலை ஒன்றுதான். நேராகச் சொன்னால் அது மேடு. புதுச்சேரியில் கோரிமேடு, பேரிலேயே உண்மையை ஒத்துக்கொண்டுவிட்டது. ஆக, இந்தக் கரையோரத்தில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குகிறவர் அதன் இரண்டாவது லீவரை (நான்கு சக்கரத்துக்கும் பலத்தைத் திருப்பிவிடுவது) உருப்படியாகப் பயன்படுத்த வேண்டுமென்றால், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாக ஏறக்குறைய 150 கி.மீ. போய்க் கல்வராயன் மலையில் ஏறவேண்டும். கூட வர இன்னொரு ஃபோர் வீல் வண்டி பெரும்பாலும் கிடைக்காது. மாருதி சுசூகியின் ஐந்து கதவு ஜிம்னி, அப்படித் தனியாகப் போகிற, இதுவரை மண் தடத்தில் ஓட்டிப் பழகாத ஒருவருக்கு எப்படி என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். ஊருக்குள் ஓட்டவும் குடும்பத்தோடு சென்னைக்குப் போகவும் எப்படி என்பது வேறு கதை. அதற்கு இதே விலையில் இதைவிட வசதியான வண்டிகள் நிறைய.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம். ஆனால் ஷோரூமிலிருந்து வந்த கோலத்திலேயே மலைக்கு விடக்கூடாது.

வாங்கலாம் என்பதற்குக் காரணம் எஞ்சின் இல்லை. 1,462 சிசி பெட்ரோல், 105 பிஎஸ், 134 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க்கும் 4,000 ஆர்பிஎம்மில்தான் முழுசாகக் கிடைக்கும். மஹிந்திரா தார் டீசல் வண்டியை ஓட்டியவருக்கு இது உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும். ஜிம்னியின் பலம் அதன் எடை. மேனுவல் வண்டி ஏறத்தாழ 1,200 கிலோ; தார் ஒன்றேமுக்கால் டன்னை ஒட்டி வரும். இரண்டு வண்டியாகப் போகிறவர்களுக்கு அந்த அரை டன் வித்தியாசம் பெரிதில்லை, பின்னால் வருகிறவர் இழுத்துவிடுவார். தனியாகப் போகிறவர் சேற்றில் இறங்கிய வண்டியை ஒரு ஜாக்கி, ஒரு மண்வெட்டி, இரண்டு பலகையை வைத்துத் தானே மீட்க வேண்டும். அங்கே ஒவ்வொரு நூறு கிலோவும் முதுகில்தான் ஏறும்.

இரண்டாவது, அகலம். 1,645 மி.மீ. தாரை விட ஒரு சாண் அளவுக்குக் குறைவு. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் தார்ச் சாலையில் எதிரே பஸ் வரும்போதும், மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றைத் தடத்தில் போகும்போதும் அந்த ஒரு சாண் நிம்மதி தரும். திரும்ப 5.7 மீட்டர் ஆரம் போதும். தனியாகப் போகிறவருக்குப் பாதியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும் வசதி, மேலே ஏறும் திறனைவிட முக்கியம்.

அடுத்து லீவர் சமாசாரம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. ஜிம்னியில் இருப்பது வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ்: 2எச் (பின் சக்கரங்கள் மட்டும்), 4எச் (நான்கு சக்கரமும், சாதாரண வேகத்தில்), 4எல் (நான்கு சக்கரமும், மெதுவாக, அதிக இழுவையோடு). முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. 4எச் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். மண்ணிலும் சரளையிலும் அந்த வித்தியாசத்தை டயர் சறுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க இடமில்லை. ஸ்டியரிங் இறுகும், பலத்தை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறும், கடைசியில் லீவர் 2எச்சுக்கு வர மறுக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் லீவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரிவர்ஸில் பத்துப் பதினைந்து அடி நேராக வந்தால் முறுக்கு விட்டுவிடும். வெள்ளிமலை வரை சாலை தார்தான். அங்கே கொண்டை ஊசி வளைவு வருகிறதே என்று பயந்து 4எச் போடுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லாத வேலை. மலையின் மேல் கிராமங்களுக்குப் பிரியும் மண் தடத்தில் இறங்கியபிறகு போட்டால் போதும்.

2எச்சிலிருந்து 4எச்சுக்கு நேராக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், ஸ்டியரிங் மட்டும் நேராக இருக்க வேண்டும். 4எல்லுக்கு வண்டி முழுசாக நிற்க வேண்டும்: கிளச்சை மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்து, லீவரை அழுத்தி இழுக்க வேண்டும். மீட்டரில் விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரியும்வரை கிளம்பக்கூடாது. முன் ஹப்புகள் (சக்கரத்தின் நடுப் பகுதி) வாக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் விசையில், ஆக்சிலோடு பூட்டிக்கொள்பவை. அது முடிந்ததா என்பதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது. சிமிட்டிக்கொண்டே இருந்தால் நேராகக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஆக்சில் பக்கம் போகும் வாக்குவம் குழாயைக் குச்சியோ கல்லோ பிய்த்திருக்கும். அன்றைக்கு மேலே ஏறும் திட்டத்தை அதோடு விட்டுவிட வேண்டும்.

4எல்லில் கியர் இரட்டிப்பாகக் குறையும். முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி நடை வேகத்தில் ஏறும். புதியவர் செய்யும் பெரிய தப்பு இங்கேதான்: 4எச் முதல் கியரில் ஏற முயன்று, எஞ்சின் திணறியதும் கிளச்சைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. இரண்டு மேடு தாண்டினாலே கிளச் வாடை வந்துவிடும். கல்வராயன் உயரத்தில் எஞ்சினும் கொஞ்சம் மூச்சு வாங்கும் என்பதை மறக்கக்கூடாது. பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி, சின்ன கல்வராயன் சுமார் 2,700 அடி. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 4,000 அடியில் பத்து சதவீதத்துக்கு மேல் பலத்தை இழக்கும். ஆகவே செங்குத்தாகத் தெரியும் எந்த ஏற்றத்துக்கும் அடிவாரத்திலேயே நின்று 4எல் போட்டுக்கொள்வதுதான் முறை. பாதி ஏற்றத்தில் நின்றுகொண்டு மாற்ற முடியாது. கல் ஏற்றம் என்றால் முதல் கியர், தளர்ந்த மண் என்றால் இரண்டாவது. மண்ணில் முதல் கியர் சக்கரத்தை வீணாகச் சுழற்றிக் குழி பறிக்கும்.

ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினால் என்ன ஆகும்? ஜிம்னியில் ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக் கிடையாது. சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்குப் பலத்தைத் தள்ளும் பிரேக் எல்எஸ்டி இருக்கிறது. 4எல்லில் அது சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு நொடி, இரண்டு நொடி ஆகும். சக்கரம் சுற்றுவதைப் பார்த்ததும் புதியவர் காலை எடுத்துவிடுவார். சிஸ்டம் வேலையைத் தொடங்குவதற்குள் கைவிட்ட கணக்கு. ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடித்தபடி காத்திருந்தால், டகடகவென்று ஒரு சத்தம் கேட்கும், வண்டி ஒரு உலுக்கலோடு முன்னே நகரும். அந்தச் சத்தம் கோளாறு இல்லை.

இப்போது குறைகள். ஐந்து கதவாக நீட்டியபோது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளம், அதாவது வீல்பேஸ், 2,590 மி.மீ. ஆகிவிட்டது. முன்பக்க ஏறுகோணம் 36 டிகிரி, அது அருமை. நடு வயிற்றுக் கோணம் 24 டிகிரிதான். மூன்று கதவு ஜிம்னியில் இது 28. கூரான மேட்டைத் தாண்டும்போது முன் சக்கரம் இறங்கியபின் வயிறு தட்டுவது இதனால்தான். தரை இடைவெளி 210 மி.மீ. இது டிஃபரென்ஷியல் உருண்டைக்குக் கீழே உள்ள அளவு. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் ரிஜிட் ஆக்சில் என்பதால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினாலும் இந்த 210 மாறாது. கிளம்புமுன் ஒரு தடவை கீழே குனிந்து, முன்னும் பின்னும் அந்த உருண்டை நடுவிலிருந்து எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 210-ஐ விட உயரமான கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விடக்கூடாது. சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றினால் ஆக்சிலும் சேர்ந்து உயரும். கல்லைக் கண்டால் ஒதுக்கி ஓட்டியே பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம்.

கல்வராயனில் கல்லைவிட அதிகம் தொல்லை தருவது டிராக்டர் தடம். மழைக்குப் பின் டிராக்டர் பெரிய சக்கரம் அழுந்திப் போன பள்ளம் காய்ந்து கெட்டியாகிவிடும். நடுவில் புல் முளைத்த மேடு நிற்கும். ஜிம்னியின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1.4 மீட்டரை ஒட்டியது, பல இடங்களில் அந்தப் பள்ளத்துக்குள் கச்சிதமாக இறங்கிவிடும். இறங்கியதும் நடு மேடு ஆக்சிலில் உரசி, நான்கு சக்கரமும் பாரமில்லாமல் சுற்றும். இப்படி வயிறு தட்டி நின்ற வண்டியை எந்த எலெக்ட்ரானிக்ஸும் நகர்த்தாது, மேட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே பள்ளத்துக்குள் இறங்காமல் ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும் மற்றதைத் தடத்துக்கு வெளியே கரையிலும் வைத்து ஓட்ட வேண்டும். கரை இடிந்துவிடும் போலிருந்தால் இறங்கி நடந்து, குதிகாலால் மிதித்துப் பார்த்துவிட்டுப் போகலாம். தனியாகப் போகிறவருக்குக் கீழே நின்று கைகாட்ட ஆள் கிடையாது. நடைதான் அந்த ஆள்.

டயர் இரண்டாவது குறை. 195/80 ஆர்15, நெடுஞ்சாலைக்கான எச்/டி (ஹைவே டெரைன்) வகை. காய்ந்த சரளைக்கு போதும். ஈரக் களியில் அதன் பள்ளங்கள் ஒரே சுற்றில் அடைத்துக்கொண்டு வழவழ உருளையாகிவிடும். 215/75 ஆர்15 அளவில் மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஏடி (ஆல் டெரைன்) டயர் போடுவது ஜிம்னிக்காரர்களிடம் வழக்கம். விட்டம் ஒரு சென்டிமீட்டர்தான் கூடுகிறது, தரை இடைவெளிக்கு அரை சென்டிமீட்டர். உயரத்துக்காக அல்ல, பிடிமானத்துக்கும் பக்கச் சுவர் உறுதிக்கும்தான் இந்த மாற்றம். முதல் பயணம் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே, தரை காய்ந்திருக்கும்போது என்றால் உள்ள டயரிலேயே போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் என்றால் ஏடி டயர் போட்டாலும் போகாதீர்கள்.

டயரைவிட மலிவான மாற்றம், காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு தார் ரோட்டுக்கானது. மண் தடம் தொடங்கும் இடத்தில் 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் கல்லைச் சுற்றிப் பதிந்து பிடிக்கும், உள்ளே எலும்பு அதிர்வதும் பாதியாகும். மணலில் 15. அதற்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று வரும். இறக்கிய காற்றோடு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது; பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும். திரும்பத் தார் ஏறியதும் நிரப்பியாக வேண்டும் என்பதால் 12 வோல்ட் கம்ப்ரசர் கட்டாயம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்ன வகை நான்கு டயரை நிரப்புவதற்குள் ஃபியூஸைத் தின்றுவிடும். பேட்டரியில் கிளிப் மாட்டும் வகையை வாங்கி, எஞ்சினை ஓடவிட்டு நிரப்புங்கள். காற்றின் அளவு பார்க்கும் கேஜ் தனியாக இருக்கட்டும், கம்ப்ரசரோடு வரும் கேஜை நம்ப முடியாது.

சாமான் கடைக்காரர்கள் முதலில் காட்டுவது, இழுக்கும்போது நீண்டு சுருங்கும் கைனெட்டிக் கயிறு. தனியாகப் போகிறவருக்கு அதில் பயனில்லை. அந்தப் பக்கம் இழுக்க ஒரு வண்டி வேண்டும், கல்வராயனில் கிடைக்கிற வண்டி டிராக்டர். அது மெதுவாக இழுக்கும். அதற்கு 5 டன் தாங்கும் சாதாரண டோ ஸ்ட்ராப்பும் (இழுவைப் பட்டை) அதை மாட்ட இரண்டு ஷேக்கிளும் (இரும்புக் கொண்டி) போதும். ஃபிரேமிலுள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பின்னால் டிரெய்லர் உருண்டை பொருத்தியிருந்தால் அதில் மாட்டவே கூடாது. முறிந்தால் குண்டு மாதிரி பறக்கும், ஆள் செத்திருக்கிறார்கள். உண்மையில் காசு போட வேண்டியது சுற்றும் சக்கரத்துக்கு அடியில் பிடிமானத்துக்குப் போடும் ஒரு ஜோடி டிராக்‌ஷன் பலகை, நீளக் கைப்பிடி உள்ள மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடி சதுரத்தில் ஒன்றரை அங்குல கனமுள்ள மரப்பலகை. வண்டியோடு வரும் ஜாக்கியை வெறும் மண்ணில் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கி இறங்கும். கம்ப்ரசரையும் சேர்த்து எல்லாம் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் இப்போதைக்கு வேண்டாம். ஒழுங்காகக் கற்றுக்கொள்ளாமல் இழுவிசையில் இருக்கும் கம்பிக்குப் பக்கத்தில் தனி ஆளாக நிற்பதைவிட மண் வெட்டுவது மேல்.

இவ்வளவையும் வைக்க இடம் எங்கே என்பது நியாயமான கேள்வி. பின் சீட் நிமிர்ந்திருந்தால் டிக்கி 208 லிட்டர்தான். மடக்கினால் 332. தனியாகத்தானே போகிறீர்கள், மடக்கிக்கொள்ளலாம். ஆனால் மண்வெட்டியும் ஜாக்கியும் சீட்டின் இரும்புக் கொக்கியில் பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். குலுங்கும் தடத்தில் கட்டாத ஜாக்கி பிடரியைத் தேடி வரும்.

ஏற்றத்தில் எஞ்சின் அணைந்துவிட்டால் செய்ய வேண்டியதை மலைக்குப் போகுமுன் சமதரையிலேயே கை பழக்கிக்கொள்ள வேண்டும். பிரேக்கை இறுக்கி மிதி, ஹேண்ட் பிரேக் போடு. கிளச் அழுத்தி ரிவர்ஸ் கியர், 4எல் அப்படியே இருக்கட்டும். ஸ்டார்ட் செய். ஸ்டியரிங் நேராக இருக்கிறதா என்று பார். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கிளச்சை முழுசாக விடும்போதே கால் பிரேக்கையும் மெல்ல விடு. எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். கிளச்சை மிதித்தபடியோ நியூட்ரலிலோ உருளவிட்டால் பிரேக் மட்டும்தான் மிச்சம். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி குறுக்கே திரும்பும், குறுக்கே திரும்பிய வண்டி சரிவில் உருளும். பாதி ஏற்றத்தில் யூ டர்ன் அடிக்க நினைப்பதும் இதே முடிவுக்குத்தான் கொண்டுபோகும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் தடுக்கும் ஹில் ஹோல்ட் இரண்டு நொடிதான் பிடிக்கும், அதை நம்பி யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

இறக்கத்துக்கு ஹில் டிசென்ட் கண்ட்ரோல் இருக்கிறது. 4எல்லில் போட்டால் சுமார் 5 கி.மீ. வேகத்தில் தானாகப் பிரேக் பிடித்து இறக்கும், காலை எல்லா பெடலிலிருந்தும் எடுத்துவிடலாம். முதல் தடவை அப்படி எடுக்க யாருக்கும் மனசு வராது. ஜிம்னியில் புதியவருக்கு இதைவிடப் பயனுள்ள பொத்தான் இல்லை என்பது என் கணிப்பு. நீண்ட இறக்கத்தில் மட்டும் முதல் கியரின் எஞ்சின் பிடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் சூடாகும்.

மேனுவலா ஆட்டோமேட்டிக்கா? கல் தடத்தில் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் புதியவருக்கு எளிது, கிளச் கருகும் பேச்சே இல்லை. இறக்கத்தில் எஞ்சின் பிடி மேனுவலில் அதிகம். உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் அந்தப் பழைய நான்கு கியர் பெட்டி கத்துகிற கத்தலையும் கணக்கில் எடுத்தால் மேனுவல்தான். விலை குறைந்த ஸீட்டா வகையா, விலை கூடிய ஆல்ஃபா வகையா என்பதில் மண் தடத்துக்கு ஸீட்டா நன்று: அதன் இரும்பு வீல் கல்லில் நெளிந்தால் சுத்தியலால் தட்டிக்கொள்ளலாம், ஆல்ஃபாவின் அலாய் வீல் விரிசல் விடும். ஃபோர் வீல் டிரைவும் ஆறு ஏர்பேக்கும் இரண்டிலும் உண்டு. 2023 ஜூனில் வந்தபோது ஷோரூம் விலை 12.74 லட்சத்தில் தொடங்கியது.

பெட்ரோல் டேங்க் 40 லிட்டர். மேனுவலுக்கு அராய் (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) சொல்வது லிட்டருக்கு 16.94 கி.மீ.; 4எல்லில் ஊர்ந்தால் அதில் பாதியை எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது. பாண்டியில் விலை குறைவு என்று அங்கேயே நிரப்பிக்கொண்டு கிளம்புவது நம்ம ஊர் வழக்கம், நல்லதுதான். கள்ளக்குறிச்சியில் இன்னொரு தடவை முழுசாக்கிவிட்டே மலை ஏறுங்கள். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி வண்டியை விடுவது குற்றம். கிராமங்களை இணைக்கும் தடத்தோடு நின்றுகொள்ள வேண்டும். மேலே பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. எந்த ஊர் வழியாக ஏறுகிறோம், எத்தனை மணிக்குள் கச்சிராயபாளையம் இறங்கிவிடுவோம், அந்த நேரம் தாண்டினால் யாருக்கு போன் பண்ண வேண்டும் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஓடையில் தண்ணீர் ஓடினால் நடந்து பார்த்து, ஹப் மட்டத்துக்கு மேல் இருந்தால் திரும்பிவிடலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

கை பழக்க மலை வரை போக வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் செம்மண் முந்திரித் தோப்பில், தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு காலைப்பொழுது ஓட்டினால் 4எச், 4எல், காற்று இறக்குவது, பலகை போடுவது எல்லாம் பிடிபட்டுவிடும். கடற்கரை மணலில் மட்டும் வேண்டாம். ஜனவரி முதல் ஆமை முட்டையிடும் காலம்; உப்பு நீர் வண்டிக்கும் ஆகாது.

உப்பு என்றதும் கரையோரக்காரருக்கான கடைசிக் குறை. ஜிம்னி, ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும் லேடர் ஃபிரேம் வண்டி. மலைச் சேறு ஃபிரேமின் மடிப்பிலும் ஸ்பிரிங் இருக்கைகளிலும் போய் அடைந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதன் மேல் நம்ம ஊர் உப்புக் காற்று படும். சர்வீஸ் ஸ்டேஷனில் பாடியை மட்டும் பளபளவென்று துடைத்துக் கொடுப்பார்கள். ராம்பில் ஏற்றச் சொல்லி, ஃபிரேம் துளைகளுக்குள் தண்ணீரை அடிக்கச் சொல்லி, கீழே வடிகிற தண்ணீர் செந்நிறம் போய்த் தெளியும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். பின் பிரேக் டிரம் வகை, உள்ளே போன மணல் வெளியே வராது. ஹேண்ட் பிரேக் இழுக்கும்போது கரகரவென்றால் டிரம்மைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீல் நட்டுகளையும் ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.